தடை கட்டுதல்

எண்ணெய்க் கடையில் பாத்திரத்தை நீட்டினால், கடைக்காரர் முதலில் அதற்குத் தடை கட்டுவார். வெறும் பாத்திரம் ஒரு தட்டில். அதன் எடைக்குச் சமமாகக் கல்லோ பழைய ஆணியோ மறு தட்டில். முள் நடுவில் நின்ற பிறகுதான் எண்ணெய் விழும். அயனிகளைச் சந்திக்கவைத்து, அவை மூலக்கூறாகச் சேர்வதை அளப்பது என் தொழில். அதில் பெரும்பாடு இந்தத் தடை கட்டும் வேலைதான்.

எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன், அதாவது புரோட்டான், ஒன்று. கூடுதலாக ஓர் எலக்ட்ரானைச் சுமக்கும் ஹைட்ரஜன் இன்னொன்று. எதிரெதிர் மின்சுமை என்பதால் ஒன்றையொன்று இழுக்கும். ஆனால் இழுத்த வேகத்திலேயே விலகியும் ஓடும். பெரும்பாலான சந்திப்புகளில் எலக்ட்ரான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவ, இரண்டும் சாதாரண அணுக்களாகப் பிரிந்துவிடும். அபூர்வமாக ஓர் எலக்ட்ரான் மிகுதி ஆற்றலை எடுத்துக்கொண்டு வெளியேறும். அப்போதுதான் மற்றவை ஒட்டிக்கொண்டு மூலக்கூறு அயனியாகும். நாங்கள் எண்ணுவது அந்த அபூர்வத்தை.

இவற்றை நேருக்கு நேர் மோதவிட்டால் சேராது, சிதறும். மெதுவாக அனுப்பினாலோ கற்றை கலைந்துவிடும். அதனால் இரண்டையும் வேகமாக, ஒரே திசையில் ஓடவிடுகிறோம். பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு ரயில்களில் ஜன்னல் வழியாகக் காப்பி டம்ளரைக் கைமாற்றலாம் இல்லையா, அதுபோல. ஒரு கற்றை இடமிருந்து வரும், மற்றது வலமிருந்து. மின்சுமை எதிரானது என்பதால் ஒரே காந்தம் இரண்டையும் எதிரெதிராக வளைத்து ஒரே கோட்டில் விடும். பெல்ஜியத்தின் லூவேன்-லா-நவ் நகரில் 1970களிலேயே இந்த வினையை இப்படி அளந்திருக்கிறார்கள்.

10,000 எலக்ட்ரான் வோல்ட்டில் இந்த அயனி நொடிக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் ஓடும். ஒரு கற்றைக்கு 100 வோல்ட் கூட்டினால், அவை ஒன்றையொன்று உணரும் ஆற்றல் 0.12 எலக்ட்ரான் வோல்ட்தான். 10 வோல்ட் கூட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு மந்திரம் போல இருந்தது. ஆனால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தால் அதுவே ஆயிரத்தில் ஐந்து. வோல்ட்டை எவ்வளவு நுட்பமாகத் திருகினாலும் கோணல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே வாரக்கணக்கில் கற்றைகளை நேராக்கிக்கொண்டிருப்போம்.

கடைசியில் இன்னொரு காந்தம். புரோட்டான் ஒரு பக்கம் வளையும். பிறந்த மூலக்கூறு இரட்டிப்பு உந்தம் கொண்டதால் அதே பக்கம் பாதியளவே வளைந்து டிடெக்டரில் விழும். கூடவே, குழாயில் மிச்சமிருக்கும் வாயுவில் பட்டுத் தெறித்த துகள்களும் விழும். அவற்றைக் கழிக்க இரண்டு கற்றைகளையும் மாற்றி மாற்றி வெட்டுவோம்: இரண்டும் ஓடும்போது எத்தனை, ஒன்று மட்டும் ஓடினால், மற்றது மட்டும் ஓடினால், இரண்டுமே இல்லாவிட்டால். நான்கு எண்களைக் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவதுதான் மூலக்கூறு.

தொடங்கிய வருடத்தில் எனக்கு அழகான கணக்கு வந்தது. ஒரு மாதம் அளந்தேன். எண்கள் நிலையாக இருந்தன, உள்ளூரப் பெருமை. மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஒரு கற்றையை 12,000-க்கு ஏத்திப் பாருங்க" என்றார். அப்போது அயனிகள் ஒன்றையொன்று உணரும் ஆற்றல் சுமார் 45 எலக்ட்ரான் வோல்ட். மூன்றுக்கும் குறைவான ஆற்றலில் உடைந்துவிடும் மூலக்கூறு அங்கே பிழைக்க வழியே இல்லை. ஏற்றினேன். கணக்கு குறையவில்லை.

திருடன் வாயுதான். ஒரு கற்றை, முடிவில் அதைப் பிடிக்கும் கோப்பையில் மோதும்போது அதன் சுவரிலிருந்து வாயு கிளம்புகிறது. அந்த வாயுவில் மற்ற கற்றை கூடுதலாகத் தெறிக்கிறது. இரண்டும் ஓடும்போது மட்டும் வரும் கணக்கு என்பதால் கழித்தலுக்கு அகப்படவில்லை. தடை கட்டும் கல்லே எடை மாறிக்கொண்டிருந்தது. வெட்டும் வேகத்தை நொடிக்குப் பல நூறு தடவையாக்கினோம். அந்த வேகத்துக்கு வாயு அழுத்தத்தால் ஏறி இறங்க முடியாது. என் அழகான கணக்கில் சிறு பங்குதான் தேறியது.

இந்தச் சிறு எண்களுக்கு மதிப்பு உண்டு. முதல் விண்மீன்கள் பிறக்க, வாயு குளிர வேண்டும். குளிர ஹைட்ரஜன் மூலக்கூறு வேண்டும். அன்று அதை உண்டாக்கிய முக்கிய வழி எதிர்மின் அயனியும் அணுவும் சேரும் வினை, எங்கள் வினைக்குப் பங்காளி. அதன் வேகத்தில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஐயம் இருந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்றைகளை இணைத்து அளந்து 2010இல் வெளியிட்ட பிறகே அது தெளிந்தது.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் "சிக்னல் வந்துடுச்சு" என்று ஓடிவருவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "45-ல என்ன வருது?"