இராமேஸ்வரம் போக காங்கேசன்துறை வழி

தலைமன்னார் துறையில் இருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மன்னார் டவுனில இருந்து தலைமன்னாருக்கு பஸ்ஸில போற தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் நாங்கள் நாலு பேரும் போட்டு வைச்சிருக்கிற அட்டவணைப்படி, இராமேஸ்வரம் போய்ச் சேர எங்களுக்கு ஏழாம் நாள் ஆகும். மன்னாரில இருந்து யாழ்ப்பாணம், காங்கேசன்துறையில கப்பல், நாகப்பட்டினம், பிறகு ரயிலில தஞ்சாவூர், திருச்சி, மதுரை. அதுக்குப் பிறகுதான் பாம்பன் பாலம். அதாவது எங்கட வீட்டுப் பின்பக்கத்து வேலிக்கு அங்கால இருக்கிற வீட்டுக்கு, ஊரைச் சுற்றி முன்வாசலால போறம்.

இந்தத் திட்டம் தொடங்கினது ஐரோப்பிய ரயில் வீடியோக்களில இருந்து. ஒரே பாஸ் ஒன்றை எடுத்து 33 நாடுகளின் ரயில்களில ஏறி இறங்கலாமாம். காலையில ஒரு நாட்டில தேத்தண்ணி, பின்னேரம் இன்னொரு நாட்டில. ஹொஸ்டல் கட்டிலில படுத்துக்கொண்டு அதைப் பார்க்கும்போது எங்களுக்கு வந்த கேள்வி, வெளிநாடு ரயிலில போறதெண்டால் நாங்கள் எங்க போகலாம் எண்டதுதான். தீவில பிறந்தவைக்கு ரயில் எல்லை தாண்டாது. மன்னார் ஆக்களுக்கோ தீவுக்குள்ள இன்னொரு தீவு.

வீட்டில கேட்ட விதத்தையும் சொல்ல வேணும். "ஊர் பாக்கவோ? நாலு பொம்பிளப் பிள்ளையள் தனியவோ?" எண்டதோட முதல் சுற்று முடிஞ்சுது. சுற்றுலா எண்ட சொல்லு எங்கட வீடுகளில எடுபடாது. யாத்திரை எண்டால் எடுபடும். தலைமன்னார்க்காரியின் அம்மா வேளாங்கண்ணி எண்டதும் சரியெண்டிட்டா. எருக்கலம்பிட்டிக்காரியின் உம்மா நாகூர் எண்டதும் யோசிக்கத் தொடங்கினா. திருக்கேதீஸ்வரத்தடி வீட்டில இராமேஸ்வரத்துக்கு மறுப்பே இல்லை. காசி போன ஆக்கள் கூட கடைசியா வாற இடமெல்லோ எண்டு தாத்தா எங்களுக்கே விளக்கம் சொன்னார். வேளாங்கண்ணியும் நாகூரும் நாகப்பட்டினத்துக்கு ரெண்டு பக்கமும், பஸ்ஸில கொஞ்ச நேர ஓட்டம். கப்பல் போய் இறங்கிற இடமும் நாகப்பட்டினம்தான். இப்படி மூன்று சமயமும் சேர்ந்து எங்கட முதல் ரெண்டு நாளையும் தீர்மானிச்சிட்டுது.

அடம்பன்காரியின் வீட்டில மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. அவளின் அம்மா "மண்டபத்தில ரயில் நிக்குமோ?" எண்டு மட்டும் கேட்டா. அதைப் பிறகு சொல்லுறம்.

திட்டம் போடுறது எண்டது பாதி சந்தோசம், பாதி கணக்கு. இந்திய ரூபா ஒண்டு எங்கட ரூபா மூன்றரைக்குக் கிட்ட. அதனால சிலீப்பர் பெட்டிக்கு மேல ஏறக்கூடாது எண்டது முதல் சட்டம். இருட்டினாப் பிறகு புது ஊரில இறங்கக்கூடாது எண்டது ரெண்டாவது. அந்த ரெண்டாவது சட்டத்தால வைகை எக்ஸ்பிரஸ் வெட்டுப்பட்டுது. அது பின்னேரம் திருச்சிக்கு வந்து இரவுதான் மதுரையில விடும். கடைசி இரவு மட்டும் விதிவிலக்கு, இராமேஸ்வரத்தில இருந்து சென்னைக்கு ஏறக்குறைய 600 கிலோமீற்றர், இரவு முழுக்க ரயிலிலயே படுக்கை. லொட்ஜ் காசும் மிச்சம். சென்னையில இருந்து பலாலிக்கு விமானம்.

இந்திய ரயில் ரிக்கற் எண்டது தனிப் பாடம். 2024 நவம்பர் 1இல் இருந்து அங்கத்த ஆக்கள் 60 நாளுக்கு முன்னம்தான் முன்பதிவு செய்யலாம். அதுக்கு முதல் 120 நாள். வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் 365 நாள் வரைக்கும் விட்டிருக்கினம். பெரிய நிலையங்களில வெளிநாட்டுப் பயணிகளுக்கெண்டு தனி ஒதுக்கீடும் இருக்கு, பாஸ்போர்ட்டைக் காட்ட வேணும். காத்திருப்போர் பட்டியல் எண்டு ஒண்டு, அதுக்கும் உறுதியான படுக்கைக்கும் நடுவில ஆர்ஏசி எண்டு ஒண்டு. ஆர்ஏசியில ஏறலாம், ஆனால் பக்கவாட்டு இருக்கை ஒண்டை ரெண்டு பேர் பங்குபோட வேணும். "அது எங்கட மன்னார் பஸ்ஸை விடச் சுகம்தானே" எண்டு தலைமன்னார்க்காரி சொன்னாள். தஞ்சாவூர்–திருச்சி போல குறுகிய தூரங்களுக்கு முன்பதிவே தேவையில்லை, நிலையத்தில வாங்கி ஏறலாம். மதுரை–இராமேஸ்வரமும் அப்படித்தான், பயணிகள் ரயில்.

எந்த ஊரில எவ்வளவு நேரம் எண்டதில பெரிய சண்டை வரேல்ல. தஞ்சாவூரில பெரிய கோயிலும் சரஸ்வதி மகால் நூலகமும். மதுரையில எல்லாரும் மீனாட்சி அம்மன் கோயில் எண்டு நிக்க, நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள் எண்டதால கீழடி அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் வைச்சம். திருச்சியில மலைக்கோட்டை ஏறுறதோ இல்லையோ எண்டது வெயிலைப் பொறுத்தது.

சண்டை வந்தது "இந்தப் பாதையை ஏன் இப்படி வளைக்கிறம்?" எண்ட இடத்திலதான். நேரே போக ஏலாதோ எண்டு தேடப்போய், நேரே போன காலத்துக்குள்ள விழுந்திட்டம்.

1914 பெப்ரவரி 24 பாம்பன் பாலம் திறபட்டது. அதோட போட் மெயில் தொடங்கிச்சுது. சென்னை எழும்பூரில ஏறினால் தனுஷ்கோடித் துறை, அங்க கப்பல் காத்திருக்கும், தலைமன்னார்த் துறையில இலங்கை ரயில், அதில கொழும்பு கோட்டை. எல்லாத்துக்கும் ஒரே ரிக்கற். முதலில இராமர் அணை வழியாகக் கடலுக்கு மேலால ரயில் பாதையே போட யோசிச்சிருக்கினம், செலவு தாங்காது எண்டுதான் கப்பலுக்கு வந்தது. அப்படிப் போட்டிருந்தாலும் ஒரே ரயில் நேரே ஓடியிராது எண்டது எங்களுக்குப் புதுத் தகவல். அந்தப் பக்கம் மீற்றர் பாதை, எங்கட பக்கம் ஐந்தரை அடி அகலப் பாதை. 2007இல் பாம்பன் பாதையும் அகலப் பாதையாக மாறிச்சுது. இப்ப ரெண்டு கரையிலும் தண்டவாளத்தின் அகலம் ஒண்டுதான். நடுவில கப்பலைத்தான் காணேல்ல.

1964 டிசம்பர் 22 இரவு அடிச்ச புயலில தனுஷ்கோடி போனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பாம்பனில இருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அடிச்சுக்கொண்டு போனது, அதில இருந்தவர் ஒருத்தரும் தப்பேல்ல. அதுக்குப் பிறகும் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில கப்பல் ஓடியிருக்கு, 1980களின் தொடக்கம் வரைக்கும். பிறகு யுத்தம். 1990இல் எங்கட பக்கத்து ரயிலும் நிண்டுது. மடு றோட் வரைக்கும் 2013இல் வந்து, 2015 மார்ச் 14 தலைமன்னார் வரைக்கும் திரும்ப வந்தது. இந்தியா போட்டுத் தந்த பாதை, இந்தியப் பிரதமரே வந்து திறந்தார். நாங்கள் அப்ப பள்ளிக்கூடத்தில, வெயிலுக்க கொடி பிடிச்சு நிண்டது ஞாபகம். அந்தப் பக்கத்திலும் 2025 ஏப்ரல் 6 புதுப் பாம்பன் பாலம் திறபட்டுது, கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே மேல எழும்பும். கப்பல் சேவையைத் திரும்பத் தொடங்கிற கதை ரெண்டு அரசாங்கங்களின் கூட்டறிக்கைகளிலும் வந்துகொண்டே இருக்கு. சென்னையில இருந்து இராமேஸ்வரம் போற இரவு ரயில் ஒண்டை சனம் இன்னும் போட் மெயில் எண்டுதான் சொல்லுது. போட் இல்லாமலே 40 வருசமா அந்தப் பேரோட ஓடுது.

இதையெல்லாம் வாசிக்கும்போது ஏதோ ஒரு பொற்காலம் போலத் தோன்றும். எங்களுக்கு அந்த மயக்கம் கனநேரம் நிக்கேல்ல. அந்தப் பாதையில உல்லாசமாப் போனவை கொஞ்சப் பேர்தான். 1964 ஒக்ரோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, மலையகத் தமிழர் 525,000 பேரை இந்தியா ஏற்கிறதெண்டு. அதுக்குப் பிறகு பல வருசமா மலையகத்தில இருந்து தலைமன்னாருக்கு அந்தச் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி எண்டு பேர். பாதி உறவு பிளாற்போமில நிண்டு அழ, பாதி உறவு யன்னலுக்க இருந்து அழும். போற நாடு அவையள் ஒருக்காலும் காணாத நாடு. அவையளின் பாட்டன் பாட்டியும் இந்தக் கரையில இறங்கித்தான் காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தவை. 2023 ஜூலையில அந்த 200 வருசத்தை நினைச்சு தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடந்தபோது, எங்களில ரெண்டு பேர் முதல் நாள் கொஞ்சத் தூரம் கூட நடந்தனாங்கள். கால் கொப்பளிச்சுது, பின்னேரம் வீட்டுக்கு வந்திட்டம்.

பிறகு எங்கட ஆக்களின் முறை. 83க்குப் பிறகு தலைமன்னார், பேசாலைக் கரைகளில இருந்து இரவில வள்ளம் ஏறினவை எத்தினையோ ஆயிரம். சில ஓட்டிமார் இடையில மணல்திட்டில இறக்கிவிட்டிட்டுத் திரும்பிடுவினம், விடிய ஆராவது வந்து தூக்குமட்டும் அதில நிக்க வேண்டியதுதான். 2022 நெருக்கடிக்குள்ளயும் அதே திட்டுகளில குழந்தைகளோட நிண்டவை இருக்கினம். அடம்பன்காரியின் அம்மாவும் அப்பாவும் அந்த வழியாத்தான் போனவை. அவள் பிறந்தது 2003இல், மண்டபம் முகாமில. எட்டு வயதில திரும்பி வந்தாள். அவளின் சித்தி இப்பவும் அங்கதான்.

விசாப் படிவத்தை நாலு பேரும் ஒண்டா இருந்துதான் நிரப்பத் தொடங்கினம். மூன்று பேருக்கு அரை மணித்தியால வேலை. பெயர், தாய் தகப்பன் பெயர், அவர்கள் பிறந்த இடம், எந்தத் துறைமுகத்தால வாறீங்கள். பிறகு ஒரு கேள்வி: இதுக்கு முதல் இந்தியா வந்திருக்கிறீங்களா? ஓம் எண்டால் தங்கின விலாசம், போன ஊர்கள், கடைசி விசா இலக்கம், அது எங்க எப்ப குடுத்தது எண்டு பெட்டி பெட்டியா விரியும்.

அவள் எட்டு வருசம் இருந்தவள். விசா இலக்கம் இல்லை.

டவுனில படிவம் நிரப்பிக் குடுக்கிற அண்ணை ஒருத்தரிட்டக் கேட்டம். "இல்லையெண்டு போடுங்கோ தங்கச்சி, உதையெல்லாம் ஆர் பாக்கப்போறான்?" எண்டார். ஆனால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்திலயே பிறந்த இடம் அச்சடிச்சு இருக்கு. இல்லையெண்டு போட்டால் அந்தப் பக்கமே பொய் சொல்லும். எருக்கலம்பிட்டிக்காரிக்குக் கோவம் வந்திட்டுது. அவளின் குடும்பம் 1990 ஒக்ரோபரில வெளியேற்றப்பட்டு புத்தளத்தில கிடந்து வந்தது. "எங்க இருந்தனீங்கள் எண்டு கேக்கிற படிவத்தில எங்கட வீட்டில ஒருக்காலும் பொய் எழுதினதில்ல, எழுதினால் திரும்பி வாறதுக்கு அத்தாட்சி இல்லாமப் போயிடும்" எண்டாள். நாங்கள் மற்ற ரெண்டு பேரும் பொய் எழுதினால் என்ன, ஒரு பயணம்தானே எண்ட பக்கம். சொல்லப்போனால் எங்களுக்குப் பயம், திட்டம் முழுக்கக் குழம்பிடுமோ எண்டு.

அடம்பன்காரி கனநேரம் ஒண்டும் பேசேல்ல. பிறகு சொன்னாள்: "வந்திருக்கிறீங்களா எண்டெல்லோ கேக்கிறான். நான் வரேல்லயடி. அங்கதான் பிறந்தனான்." நாங்கள் சிரிச்சம். அவளும் சிரிச்சாள். படிவத்தை அப்படியே மூடி வைச்சிட்டு தேத்தண்ணி ஊத்தப் போயிட்டாள்.

அவளின் பிரச்சினை எங்கட அட்டவணையில வேற ஒரு வடிவத்தில ஏற்கெனவே இருந்தது, நாங்கள்தான் அதைக் கேள்வியா எடுக்கேல்ல. மதுரையில இருந்து இராமேஸ்வரம் போற பாதையில, பாலத்துக்கு முதல் மண்டபம் வரும். எங்களுக்கு அது பாலத்தைப் படம் எடுக்க போனைத் தயாரா வைக்கிற இடம். அவளுக்கு அது பள்ளிக்கூடம் போன ஊர். முகாமுக்குள்ள வெளியாக்கள் நினைச்சபடி போகேலாது. சித்தி வெளிய வரலாம். அதனால அவள் கேட்டது, ஒரு ரயிலில இறங்கி அடுத்த ரயில் வருமட்டும் மண்டபம் நிலையத்தில நிக்கலாமோ எண்டுதான். அடுத்த பயணிகள் ரயிலுக்கு மணிக்கணக்கில காத்திருக்க வேணும். கீழடிக்கு அரை நாள் குடுத்தவை இதுக்கு எவ்வளவு குடுப்பம் எண்டு அவள் கேக்கேல்ல. தலைமன்னார்க்காரிதான் கேட்டாள்.

இப்ப அட்டவணை மாறியிருக்கு. திருச்சியில ஒரு இரவு வெட்டுப்பட்டுது, மலைக்கோட்டையும் அதோட போச்சு. மண்டபத்துக்கு ஒரு முழு நாள். இணையத்தில அனுப்பாமல், யாழ்ப்பாணம் போய்க் கடதாசியாகவே குடுக்கிறதெண்டு முடிவு. அவளின் பிறப்புச் சான்றிதழ், இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு, திரும்பி வந்தபோது தந்த பத்திரங்கள், எல்லாத்துக்கும் பிரதி எடுத்தாச்சு. ஒரு கடிதமும் எழுதினம்: ஓம், இருந்திருக்கிறேன், 2003இல் இருந்து 2011 வரை, விலாசம் மண்டபம் முகாம், விசா இல்லை, காரணம் இதுதான் எண்டு. ஆங்கிலத்தில ஐந்து தரம் திருத்தினம். "அகதி" எண்ட சொல்லை முதல் வரியில போடுறதோ மூன்றாம் வரியில போடுறதோ எண்டு ஒரு பின்னேரம் போச்சு. அவள் முதல் வரியிலயே போடச் சொன்னாள்.

மாரி முடியுமட்டும் கப்பல் ஓடாது, அதனால மாசியில போறதாத்தான் எண்ணம். அவளின் விசா வந்தாப் பிறகுதான் மற்ற மூன்று பேரும் ரிக்கற் போடுறது. வராட்டி என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் இன்னும் வாய் திறக்கேல்ல. சித்திக்குச் சொல்ல வேண்டாம், விசா கையில வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு அவள் சொல்லியிருந்தாள். ஆனால் அம்மா போன கிழமையே போன் எடுத்துச் சொல்லிப்போட்டா. சித்தி கேட்டது ரெண்டே விசயம்தானாம்: நாலு பேரில ஆர் மீன் சாப்பிடமாட்டினம், மன்னார்க் கருவாடு கப்பலில விடுவாங்களோ.