டீக்கடை இல்லாத சந்திப்பு: சிவகிரி முதல் கத்திப்பாரா வரை

சிவகிரி பக்கம் வழி கேட்க வரைபடம் தேவையில்லை. வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி, சங்கரன்கோவிலுக்கு எப்படிப் போகணும்?" என்றால் போதும். டீக்கடை பெஞ்சிலிருந்து ரெண்டு பேர் எழுந்து வந்து, கையை நீட்டி, எந்த இடத்தில் வேகத்தடை இருக்கிறது என்பது வரை சொல்லி அனுப்புவார்கள்.

அதே சிவகிரிக்காரர், சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்கக் காரில் கிளம்பினால்தான் சிக்கல். ஜி.எஸ்.டி. சாலையில் ராத்திரி முழுக்க ஓட்டி வந்து, விடியற்காலையில் கத்திப்பாராவை நெருங்கும்போது சாலை பல கிளைகளாகப் பிரிகிறது. கேட்க டீக்கடை இல்லை. நிறுத்த இடம் இல்லை. பின்னால் ஹாரன் சத்தம். தவறான பாதையில் ஏறிவிட்டால், திரும்பி வருவதற்குள் மகளிடமிருந்து மூணு போன் வந்துவிடும்.

ஆறு நொடிக் கணக்கு

இதில் ஓட்டுபவர் குற்றம் பாதிதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். பிரிவுக்கு 100 மீட்டர் முன்பாகப் பலகை கண்ணில் பட்டால், கையில் இருப்பது ஆறே நொடி. அதற்குள் நாலு ஊர்ப் பெயரைப் படித்து, தன் ஊர் எது என்று முடிவு செய்து, பக்கக் கண்ணாடி பார்த்து, தடம் மாற வேண்டும். முன்னால் ஒரு லாரி பலகையை மறைத்துக்கொண்டு போனால் அந்த ஆறு நொடியும் இல்லை.

கத்திப்பாரா மேம்பாலம் 2008-ல் திறக்கப்பட்டது. மேலிருந்து பார்த்தால் நாலு இதழ் விரித்த இலை போல இருக்கும். இந்த வகைச் சந்திப்பில் வலது பக்கம் போக வேண்டியவர் வலது பக்கம் ஒதுங்கக் கூடாது. இடது ஓரமாகவே போய், பாலத்தைத் தாண்டி, இடது பக்கமாக முக்கால் வட்டம் சுற்றி வரவேண்டும். சிவகிரி பஜாரில் வலது பக்கம் திரும்பிப் பழகிய கைக்கு இது நேர்மாறான பாடம். முன்கூட்டியே அம்புக்குறியும் பலகையும் சொல்லாவிட்டால் யாருக்கும் தானாகத் தோன்றாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு வளையத்திலிருந்து இறங்கி வருபவரும், அடுத்த வளையத்தில் ஏறப் போகிறவரும் ஒரே குட்டித் தடத்தில் குறுக்கே மாறிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் முதல் இலைவடிவச் சந்திப்பு 1929-ல் நியூ ஜெர்சியின் உட்பிரிட்ஜில் கட்டப்பட்டது. பின்னாளில் அதையே மாற்றிக் கட்டிவிட்டார்கள். வண்டிகள் பெருகப் பெருக இந்தக் குறுக்குமாற்றம்தான் இவ்வகைச் சந்திப்புகளின் பெரிய தலைவலி.

சாரல் காலத்து வெளியூர்க்காரர்

இப்போது படத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஜூன் மாதம் சாரல் தொடங்கியதும் சென்னைக்காரர் குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் கிளம்புகிறார். திருமங்கலத்தில் கன்னியாகுமரி நான்குவழிச் சாலையை விட்டுப் பிரிந்து, கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ல் நுழைகிறார். முன்பு இதன் எண் 208. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர் தாண்டினால் சிவகிரி. அப்புறம் வாசுதேவநல்லூர், எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. மேற்கே மலை கூடவே வருகிறது. பகலில் இதைவிட அழகான பாதை அமைவது கஷ்டம்.

இருட்டியபின் கதை வேறு. உள்ளூர்க்காரருக்கு எந்த வளைவு எங்கே என்று தெரியும்; கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டிவிடுவார். சென்னைக்காரருக்கு அந்த வெள்ளைக் கோடுதான் கண். விட்டு விட்டுப் போட்ட கோடு என்றால், எதிரே பார்த்து முந்தலாம். தொடர்ச்சியான கோடு என்றால், தாண்டக் கூடாது. ஒட்டுப்போட்ட தாருக்கு அடியில் அந்தக் கோடு மறைந்துபோனாலோ, பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்து தெரிந்தாலோ, வளைவில் எதை நம்புவது?

மழை இன்னும் சோதிக்கும். சாலைக் கோட்டுப் பெயின்டில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் கலந்திருக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தை ஓட்டுநர் பக்கமே திருப்பி அனுப்பும் வேலை அவற்றுடையது. மேலே தண்ணீர் படலம் படிந்தால் அந்த வெளிச்சம் சிதறிப் போய், கோடு மங்கிவிடும். குடும்பங்கள் குற்றாலத்துக்குக் கிளம்புகிற அதே சாரல் நாட்களில்தான் இது நடக்கிறது. அதனால்தான் சாலையில் பதிக்கும் ஒளிரும் குமிழ்கள் தேவைப்படுகின்றன. இங்கிலாந்தின் பெர்சி ஷா 1934-ல் காப்புரிமை பெற்ற 'பூனைக்கண்' அவற்றுக்கு முன்னோடி.

கோடு பேசாத இடத்தில் மனிதர்கள் தாங்களே ஒரு பாஷை உண்டாக்கிக்கொள்கிறார்கள். முன்னால் போகும் லாரி வலது இன்டிகேட்டரைப் போடுகிறது. 'நான் திரும்பப் போறேன்' என்றா, 'நீ முந்திப் போ' என்றா? ரெண்டுக்கும் அதே விளக்குதான். தப்பாகப் புரிந்துகொண்டால் மன்னிப்புக் கேட்க நேரம் இருக்காது.

நாளைய சாலை யாருக்கு?

இந்தச் சாலையில் கார்கள் மட்டும் போவதில்லை. பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் உண்டு. கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகும் வேன்கள் உண்டு. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கி ராத்திரியில் நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் உண்டு.

திருமங்கலம் – ராஜபாளையம் பகுதியை நான்குவழியாக்கும் பணி நடந்து வந்திருக்கிறது. அங்கிருந்து செங்கோட்டை வரையிலான நான்குவழித் திட்டமும், நஞ்சை நிலம் பறிபோகுமே என்ற விவசாயிகளின் கவலையும் சேர்ந்தே பேசப்படுகின்றன. சாலை அகலமானால் மட்டும் பிரச்னை தீராது. நடுத்தடுப்பில் திறப்பு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ப்புறத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் எதிர்த்திசையிலேயே பைக்கை ஓட்டத் தொடங்குவார். அது சட்டப்படி தப்பு. ஆனால் அவரை அந்தத் தப்புக்குத் தள்ளுவதில் சாலையின் அமைப்புக்கும் பங்கு உண்டு.

சாலையை வரைகிறவர்கள் அதை நன்றாக அறிந்தவர்கள். அதை நம்பி ஓட்டுபவரோ முதல்முறை வருகிறவர். கத்திப்பாராவில் சிவகிரிக்காரர் அந்நியர். சிவகிரியில் சென்னைக்காரர் அந்நியர். பலகை வைப்பதற்கு முன், அந்த ஊரே தெரியாத ஒருவரை ராத்திரி மழையில் ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பார்த்தால் பாதிக் குறை அங்கேயே தெரிந்துவிடும்.

சிவகிரி டீக்கடையும் ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல் மூடித்தானே ஆகவேண்டும். அதன்பிறகு அந்த வழியில் வருகிறவருக்குப் பதில் சொல்ல, தரையில் கிடக்கும் வெள்ளைக் கோடு மட்டும்தான்.