லாக் எழுத யாரை வைப்பது?

ப்ரோக்ராம் ஓடும்போது செய்வதை எழுதி வைக்கிற லைப்ரரிதானே, எதை வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் 2021 டிசம்பரில் வேறு ஏதோ தொழிலில் இருந்திருக்க வேண்டும் :-)

அந்த மாசம்தான் லாக்4ஷெல் வெடித்தது. வெப்சைட்டில் பெயர் கேட்கும் கட்டத்தில் யாரோ ஒரு மாதிரியான வரியை டைப் செய்கிறார். லாக்4ஜே 2 அதை எழுதும்போதே, வரியில் இருக்கும் விலாசத்துக்குப் போய், அங்கே கொடுத்ததை வாங்கிவந்து நம் சர்வரிலேயே ஓட்டிவிடும். வந்த மனுவைப் பதிவேட்டில் ஏற்று என்றால், கணக்குப்பிள்ளை மனுக்காரன் வீட்டுக்கே போய், அவன் கொடுத்த மூட்டையைத் தூக்கிவந்து கல்லாப்பெட்டி பக்கத்தில் பிரித்த கதை. 2013-ல் சேர்த்த வசதி அது. 2.15 வந்தது, போதவில்லை, 2.16, 2.17 என்று அதே மாசத்தில் ஓடினோம். பழைய 1.2-வை மாற்றாமலே வைத்திருந்த சோம்பேறிகள் இந்த ஓட்டையில் மட்டும் தப்பினார்கள். (அதற்கு 2015-லேயே சப்போர்ட் முடிந்துவிட்டது, வேறு ஓட்டைகள் உண்டு. குஷிப்பட வேண்டாம்.)

இப்போது இங்கே புனேயில் புது ஜாவா அப்ளிகேஷனுக்கு நான் எடுத்தது: கோடில் எஸ்எல்எஃப்4ஜே மட்டும், பின்னால் லாக்பேக். முதல் லாக்4ஜேவை ஆரம்பித்த ஜெகி குல்ஜு பிறகு தொடங்கியவைதான் இரண்டும். லாக்பேக் ஒன்றும் உத்தமன் இல்லை. அதே டிசம்பரில் அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆனால் அதில் நுழைய நம் கான்ஃபிக் ஃபைலையே மாற்றும் உரிமை வேண்டும்.

டீமில் ஒரு தம்பி விடவில்லை. "அண்ணே, லாக்4ஜே 2-ல அசிங்க்ரனஸ் லாகிங் எவ்ளோ வேகம் தெரியுமா?" தெரியும். ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் அப்ளிகேஷன் காத்துக் கிடப்பது டேட்டாபேஸுக்காக, லாகுக்காக இல்லை. நாளைக்கு அந்த வேகம் தேவைப்பட்டால் ஜாரையும் கான்ஃபிக்கையும் மாற்றினால் போதும், கோடில் கை வைக்க வேண்டாம். எஸ்எல்எஃப்4ஜேவை நடுவில் வைத்ததே அதற்குத்தான்.

வாக்குவாதத்தை விட அதிக நேரம் போனது வேறு வேலையில். ராத்திரி மூன்று மணிக்கு இந்த லாகைப் படிக்கப்போவது சப்போர்ட்டில் இருக்கும் மராத்திக்காரப் பையன். அவன் எங்கள் கோடைப் பார்த்ததே இல்லை. அதனால் எம்டிசி வழியாக ஒவ்வொரு வரியிலும் ரிக்வெஸ்ட் நம்பர் வரும். டிஸ்க் நிரம்பாமல் மொத்த சைஸுக்கு வரம்பு வைத்தாச்சு. பாஸ்வேர்ட், ஆதார் நம்பர், கார்டு நம்பர் எதுவும் லாகில் போகாது. கடைசியாகச் சொன்னதை எந்த லைப்ரரியும் தானாகச் செய்யாது, லாக் வரிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.