ஓரத்தில் கை வைக்காதே!

(இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

இக்கல்லூரியில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘தனியார் பணி’ என்று எழுதினேன். உண்மையில் என் தந்தை, டிங்கரிங் பட்டறை ஒன்றில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சென்ற கோடை விடுமுறையில் அவருக்குத் துணையாக நானும் சென்றேன்.

வண்ணத்தின் மேல் ‘கிளியர் கோட்’ என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று அடிப்பார்கள். காருக்குப் பளபளப்பைத் தருவது அதுதான். ஆனால் காய்ந்தபின் உற்று நோக்கினால் ஆரஞ்சுப் பழத் தோல் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். சமமற்ற பரப்பில் ஒளி சிதறும் என்று வகுப்பில் படித்ததை அங்கே கண்ணால் கண்டேன்.

அந்த மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். முதலில் 1500 எண் வாட்டர் பேப்பர், பிறகு 2000, கடைசியில் 3000. எண் கூடக் கூடத் தாளின் துகள் நுண்மையாகும். தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, சீராகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கும். வேடிக்கை என்னவென்றால், தேய்க்கும்போது பளபளப்பு கூடுவதில்லை. இருந்ததும் போய்ப் பரப்பு மங்கிவிடும்! காம்பவுண்ட் தடவி மெஷின் ஓட்டிய பிறகே நம் முகம் அதில் தெரியும்.

“ஓரத்துல கை வைக்காதேடா, அங்கே பூச்சு மெலிசு” என்று அப்பா எச்சரித்திருந்தார். பூச்சின் மொத்தக் கனமே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். மூன்றாம் நாள், வாடகைக் கார் ஒன்றின் பானட் மடிப்பில் கவனம் பிசகினேன். வெள்ளையாக வழிந்த நீர் திடீரெனச் சிவந்தது. கிளியர் தீர்ந்து, வண்ணமே கரைகிறது! மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் விரல்களின் சிவப்பை அப்பா பார்த்துவிட்டார்.

அவர் திட்டவில்லை. “கொஞ்சம் கரடா இருந்தா நாளைக்கும் தேய்க்கலாம். தேய்ச்சு எடுத்ததைத் திரும்ப வைக்க முடியுமா?” என்றார். பானட் முழுவதும் மீண்டும் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. முதலாளி அப்பாவின் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அப்பா அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

நண்பர்களே, எவ்வளவு தேய்ப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே பெரிய வித்தை. அதை எனக்குக் கற்றுத் தந்த ஆசிரியர் என் வீட்டிலேயே இருந்திருக்கிறார். இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில், ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கார் பெயிண்டர்’ என்று தெளிவாக எழுதினேன்.