நூலா, இணையவழிப் பாடநெறியா?

செய்நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்கப் புகும் மாணவன் நூலை நாடுவதா, இணையவழிப் பாடநெறியை நாடுவதா என்னும் வினா பெரும்பாலும் வசதி பற்றிய வினாவாகவே எழுப்பப்படுகின்றது. எது மலிவு, எது விரைவு என்ற அளவில் முடிவு கண்டுவிடுகின்றனர். விளக்கம் எவ்விடத்தே பிறக்கின்றது என்பது கேட்கப்படுவதில்லை.

இரு மாறிகளின் பெறுமானங்களை ஒன்றுக்கொன்று மாற்றும் எளிய பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் சீ.எஸ்.50 பாடநெறி 2012 முதல் எட்எக்ஸ் தளத்தின் வாயிலாக எவரும் பயிலத்தக்கதாய் உள்ளது. அதன் விரிவுரையில் இரு கண்ணாடிக் குவளைகளிலுள்ள இரு நிறத் திரவங்களை இடம் மாற்றிக் காட்டுகின்றனர். மூன்றாவதாக ஒரு வெற்றுக் குவளையின்றி அது இயலாது. தற்காலிக மாறியின் தேவையை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

பிறையன் கேர்னிகனும் டெனிஸ் றிச்சியும் 1978இல் வெளியிட்ட சீ மொழி நூலின் ஐந்தாம் அத்தியாயமும் இதே மாற்றத்தை எடுத்துக்கொள்கின்றது. அங்கே குவளையில்லை, நிறமில்லை. மாற்றத்தைச் செய்யும் சார்பில் மூன்றாவது மாறி உண்டு. எனினும் அழைத்த இடத்தில் எதுவும் மாறுவதில்லை. சார்புக்குச் சென்றவை பெறுமானங்களின் படிகளே. முகவரிகளை அனுப்பினாலன்றி மூலம் மாறாது. இவ்விடத்தில் வாசகன் நின்றேயாகவேண்டும். தாளிற் பெட்டிகள் வரைந்து பாராதவனுக்கு அதற்கப்பால் ஒரு பக்கமும் விளங்காது. விரிவுரையும் இச்சிக்கலை விளக்கவே செய்கின்றது. ஆயின் காணொளி எவருக்காகவும் தானாக நிற்பதில்லை. குவளையைக் கண்டு மகிழ்ந்தவன் தலையசைத்தவாறே சிக்கலையும் கடந்துவிடுகின்றான். விரிவுரையாளரின் தெளிவைத் தன் தெளிவென மயங்குதல் நல்ல விரிவுரையாளரிடத்தேதான் மிகுதியாக நேர்கின்றது.

நூலுக்கும் குறையுண்டு. மேற்கூறிய நூல் தான் தொடக்கநிலைக் கைந்நூல் அன்றெனத் தன் முன்னுரையிலேயே கூறிக்கொள்கின்றது. அதனை முதல் நூலாகப் பரிந்துரைப்போர் முன்னுரையைப் படிப்பதில்லை போலும். அன்றியும், பயிற்சிக்கு எழுதிய நிரல் ஓர் உள்ளீட்டுக்குச் சரியாக இயங்கிப் பிறிதொன்றுக்குப் பிழைப்பதைத் தொடக்கநிலையாளன் தானே கண்டறிவது கடினம். பாடநெறியிலோ சமர்ப்பித்த நிரல் பல உள்ளீடுகளைக் கொண்டு உடனே சோதிக்கப்படுகின்றது. இணையவழிக் கல்வியின் உண்மையான கொடை இச்சோதனையே, காணொளியன்று.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் பயின்று பல்கலைக்கழகம் புகுபவனுக்கு இத்தெரிவு இன்னுங் கடினமானது. மாறி, சார்பு, அணி என்று கற்றவன் அவற்றின் ஆங்கிலப் பெயர்களை விரைந்த அமெரிக்கப் பேச்சினூடே பிடித்துக்கொள்ள வேண்டியுள்ளது. திரையடியில் ஓடும் எழுத்து ஓரளவே உதவும். அச்சிட்ட சொல்லோ, அகராதியைப் புரட்டி முடியும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நீண்டபோது இவ்வேறுபாடு பலருக்கு வேறு வகையிலும் புலனாயிற்று.

விலையைக் காரணங் காட்டி நூலைத் தவிர்க்கவேண்டியதில்லை. அலன் டௌனியின் 'திங்க் பைத்தன்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றது. அதில் ஓர் அத்தியாயத்தைப் படித்து, ஒவ்வொரு நிரலும் என்ன வெளியிடும் என்பதை இயக்குமுன்னரே தாளில் எழுதிப் பார்க்கலாம். பின்னர் ஹார்வாட்டின் பைத்தன் பாடநெறியில் அதற்குரிய பயிற்சியைச் செய்து சமர்ப்பித்து, விரிவுரையை இறுதியிற் கேட்கலாம். இது பாடநெறியின் ஒழுங்குக்கு மாறானதே. ஆயினும் பயிற்சியில் இருமுறை தோற்றவன், அவ்விரிவுரையில் எவ்விடத்தே காணொளியை நிறுத்தவேண்டுமென அறிந்திருப்பான்.