ஆடு மேய்த்த பையன் எங்கே?

எங்க தெரு மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யை வாங்கி வந்தேன். பெருமாள்முருகன் எங்க பக்கத்து ஆள், திருச்செங்கோட்டுக்காரர். 2000இல் வந்த அவருடைய 'கூளமாதாரி'யை எம்.ஏ. படிக்கையில் மூன்று தடவை படித்தவன் நான். சக்கிலிப் பையன் ஒருவன் கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற கதை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கய்யனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவரும் எட்டு வயசில் வருசக் கூலிக்கு ஆட்டுப்பட்டியில் விடப்பட்டவர்தான். பாதியில் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். ரெண்டு நாள் கழித்து, "மீதியப் படி சாமி" என்றார். எங்க சாதியில் பிறக்காத ஒருவர் எங்கய்யனின் பசியை எழுதியிருக்கிறாரே என்று எனக்கு மலைப்பு.

'பூனாச்சி' சும்மா வந்த புத்தகமில்லை. 'மாதொருபாகன்' நாவலை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் அவர் கொண்டுவந்த முதல் நாவல் இந்த ஆடுதான். மனிதரை எழுத அச்சம், மாடும் பன்றியும் கூடாது, ஆடுதான் தொல்லையில்லாதது என்கிற பொருளில் முன்னுரையில் சொல்கிறார். கழித்துக்கட்டிய ரெண்டும் எங்க தெருவோடு ஒட்டிய பிராணிகள் என்பதை யாராவது கவனித்தார்களா?

ஆடு நன்றாகத்தான் வந்திருக்கிறது. காதில் அடையாளம் குத்த வரிசையில் நிற்கிற இடம் அரசாங்கத்துக்குச் சரியான சூடு. ஆனால் நடப்பது அசுர உலகத்திலாம். வளர்ப்பது ஒரு கிழவனும் கிழவியும். சாதிக்கு அங்கே பேரே இல்லை. ஆட்டுக்குப் பின்னால் கோலோடு நடந்த மாதாரிப் பையனைப் பக்கம் பக்கமாகத் தேடினேன்.

அய்யனுக்கு இதையும் வாசித்தேன். தாயில்லாக் குட்டி பாலுக்கு அலைகிற இடத்தில், "நெசந்தான், நெசந்தான்" என்று தலையாட்டினார். முடித்ததும் கேட்டார்:

"ஆட்டு மனசெல்லாஞ் சரியாத்தாஞ் சொல்லியிருக்காரு. மேய்ச்ச பையன் எங்க சாமி?"

"பயந்துபோயி எழுதுனதுங்கய்யா."

"அவருக்கே பயமா?"

என்ன சொல்வது? அவர் எழுத்தை நிறுத்திய அதே 2015இல், ஜூன் 23ஆம் தேதி, திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து ஓமலூர்த் தம்பி கோகுல்ராஜைக் கடத்திப்போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தான். அந்த ஊரில் மனுசன் எதற்குப் பயப்படுவான் என்று எனக்கா தெரியாது? தெரிந்தும் ஆற்றாமை போகவில்லை. பயம் வந்ததும் கதையிலிருந்து முதலில் இறங்கிப்போனவன் எங்க பையன்.

பூனாச்சியையும் கூளமாதாரியையும் சேர்த்தே மாலைப் பள்ளி அலமாரியில் வைத்தேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒன்று பூனாச்சியை எடுத்துப் போயிருக்கிறது. மாசம் ஒன்றாகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.