சுடரும் கண்ணும்

சென்ற விடுமுறையில், நகர எல்லையிலுள்ள இரும்புப் பட்டறையொன்றுக்குச் சென்றிருந்தேன். எங்கள் பாடசாலையின் இரும்புப் படலை பழுதடைந்துவிட்டது. அதனைத் திருத்துவிக்க வேண்டியிருந்தது. அங்கே தகடு வெட்டிக்கொண்டிருந்த இளைஞன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். சாதாரணதரப் பரீட்சையில் தமிழிற் சித்தியெய்தாது பாடசாலையை விட்டு நீங்கிய என் மாணவன்.

“சேர், வெறுங்கண்ணாலை பாராதேங்கோ!” என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சீறும் ஒலி கேட்டது. மீண்டும் நோக்கியபோது கால் அங்குல உருக்குத் தகடு, பனங்கிழங்கு பிளந்தாற்போல் இரண்டாகிக் கிடந்தது.

அந்தச் சுடரைப் பிளாஸ்மா என்பர். வாயுவொன்றை மின்வில்லினூடாகச் செலுத்தினால் அதன் அணுக்கள் இலத்திரன்களை இழக்கின்றன. வாயு மின்னைக் கடத்தத் தொடங்குகிறது. இந்நிலைக்கு 1928இல் அப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். அச்சுடரை ஒடுங்கிய துவாரத்தின் வழியே நெருக்கி வெளியேற்றினால் வெப்பநிலை 20,000 பாகை செல்சியஸ் வரை ஏறும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 பாகைதான். ஒட்சிசன் சுவாலைக்கு இணங்காத அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் இதற்கு இணங்குகின்றன. யூனியன் கார்பைட் நிறுவனத்தின் றொபேட் கேஜ் 1957இல் இவ்வகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று இச்சுடர் விமானச் சுழலி அலகுகளுக்குக் காப்புப் பூச்சிடுகிறது. செயற்கை இடுப்பு மூட்டில் எலும்பு பற்றிக்கொள்ளும் படலத்தைப் பூசுகிறது. விண்ணோடங்களின் வெப்பக் கவசத்தை அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வு நிலையம் இத்தகைய சுடரிலேயே சோதிக்கிறது. 1961இல் தோமஸ் றீட் அமைத்த மின்தூண்டற் சுடரின் வழிவந்த கருவிகள், குடிநீரில் நுண்ணளவிற் கலந்துள்ள ஈயத்தையும் ஆசனிக்கையும் அளந்து கூறுகின்றன.

இவற்றையெல்லாம் நூல்களிற் படித்து வியந்திருக்கிறேன். ஆனால், அன்று என் கண்ணிற் பட்டது வேறொன்று. என்னை எச்சரித்தவன், தான் வெறுங்கண்ணோடே குனிந்திருந்தான். அவன் இமைகள் சிவந்து வீங்கியிருந்தன. சுடர் உமிழும் ஊதாக் கடந்த கதிர் விழியைச் சுட்டுவிடும். இரவில் மணல் அள்ளிப் போட்டாற்போல் உறுத்தும். தகுந்த கறுப்புக் கண்ணாடி அதனைத் தடுக்கும். ஏழு தொழிலாளருக்கு அங்கே இருந்தது ஒரேயொரு முகக்கவசம். அன்று அது அவனுடைய முறையன்று.

“முதலாளியிட்டைக் கேட்டாச்சு, சேர். வாயாலை கேட்டால் சிரிக்கிறார். நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தந்தால், நாங்கள் எல்லாரும் கையெழுத்து வைப்பம்” என்றான்.

பத்தாண்டுகளாக விண்ணப்பக் கடிதம் எழுதும் முறையை வகுப்பிற் கற்பித்து வருகிறேன். இல்லாத வேலைக்கு, இல்லாத அதிகாரிக்கு என் மாணவர்கள் எழுதுவார்கள். நான் சிவப்பு மையினால் திருத்துவேன். அக்கடிதம் உண்மையில் எதற்கானது என்பதை, அதிலே தவறியவன் எனக்குக் கற்பித்தான்.

அன்றிரவே எழுதினேன். அலங்காரம் எதுவுமில்லை. ஏழு முகக்கவசம், ஏழு சோடிக் கையுறை, புகை போக்க ஒரு விசிறி. இவ்வளவே கோரிக்கை. ஏழு பேரும் ஒப்பமிட்டனர். எட்டாவதாக என் பெயரையும் இட்டேன்.

மறுமொழி இன்னும் வரவில்லை. படலை வந்துவிட்டது. அதன் வெட்டு விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. காலையில் அதைத் தள்ளித் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிவந்த இமைகள் நினைவுக்கு வருகின்றன. வரும் கிழமை, அந்த எழுவரோடு நானும் முதலாளியிடம் நேரிற் செல்வதாக முடிவாகியிருக்கிறது.